அறுபது எண்ணும் நேரம்

மைசூர்
11.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மைனாவதி எழுதுவது. இங்கே நான், அவர், குழந்தை அக்ஷரா மூவரும் சுகம். அத்தைக்கு மட்டும் முழங்கால் வலி. அதையும் தோட்டத்து வேலை செய்தே சரிக்கட்டிவிடுகிறார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அல்லது டீயும் பன்னும்தானா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போன வாரம் போனில் உங்களைப் பதினெட்டு நிமிடம் பிடித்து வைத்திருந்தேன். அதற்குள் உங்கள் பனியன் கம்பெனிக்குச் சாயம் போடும் டையிங்காரர் இரண்டு தடவை, பேக்கிங் ஆள் ஒரு தடவை, ஆர்டர் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் ஒரு தடவை குறுக்கே வந்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது நாலு நிமிடம். இனிமேல் தபால்தான். தபாலைப் பாதியில் நிறுத்தி, "ஒரு நிமிசம் கண்ணு, லைன்லயே இரு" என்று உங்களால் சொல்ல முடியாது.

நேற்று நம் பெரியப்பா மகன் சண்முகவேல் அண்ணன் பொங்கலூரிலிருந்து பேசினார். "உங்கண்ணன் ஞாயித்துக்கெழமையானா சேலம் போயி ஏரோப்பிளேன் ஓட்டிப் பழகறானாமா. நாப்பத்தோரு வயசாச்சு, பொண்ணு பாக்கற ஊட்டுல இதைய மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றார். நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். உண்மையா அண்ணா?

உங்கள் தங்கை,
மைனா

*

சாமளாபுரம்
3.3.2024

அன்புத் தங்கை மைனாவுக்கு,

அண்ணன் மகுடேஸ்வரன் ஆசியோடு எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. மாப்பிள்ளை குமாரவேலையும் உன் மாமியார் ரங்காத்தாள் அம்மாவையும் கேட்டதாகச் சொல். அக்ஷராவுக்கு ஒரு முத்தம்.

உண்மைதான். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிடுவாய் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுப் பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். நம் பழைய அம்பாசிடரைவிட உள்ளே இடம் குறைவு. ஆனால் அதை ஓட்டுவதற்கு முன்னால் செய்கிற வேலை இருக்கிறதே, அதில்தான் நான் கவிழ்ந்தேன். இறக்கையைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கீலையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சின்னக் குப்பியில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நம் கம்பெனியில் ஒரு பெட்டிக்குப் பத்து பீஸ் எடுத்துப் பார்த்துவிட்டு ஓகே போட்டுவிடுவோம். இங்கே இருப்பது ஒரே பீஸ். அதற்குள் உட்காரப்போவதும் நான்தான்.

கற்றுக்கொடுப்பவர் பெயர் ஆரோக்கியராஜ். தூத்துக்குடிக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எனக்கு முந்நூறு பேர் வணக்கம் வைக்கிறார்கள். இவர் என்னைச் செக்லிஸ்ட்டைச் சத்தம்போட்டு வாசிக்க வைக்கிறார். ஒரு வரி விட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

போன ஞாயிறு ஓடுபாதை ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, கதவைச் சாத்திவிட்டார். "போயிட்டு வாங்க சார். நான் இங்கனதான் நிக்கேன்" என்றார். அவர் எடை இல்லாததால் விமானம் சட்டென்று எழும்பிவிட்டது. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன், யாரும் இல்லை. மைனா, நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாகிறது என்று எனக்கே தெரியவில்லை.

கோபப்பட்டால் கோபத்தோடாவது பதில் போடு.

அண்ணன்

*

மைசூர்
19.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு மட்டும் சௌக்கியமில்லை. கையில் எடுத்த தோசைக்கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திட்டத்தான் பேப்பரை எடுத்தேன். ஆனால் சிரித்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அங்கே வந்ததும் திட்டு போய்விட்டது. மறுநாள் நான் பாடம் எடுக்கும் ஏழாம் வகுப்பில் போய், "எங்க அண்ணன் விமானம் ஓட்டுறார்" என்று தொடங்கி, இறக்கையைத் தடவுவது, குப்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு பையன் எழுந்து, "அவர் பெட்ரோலை ஏன் மிஸ் குப்பியில் பிடித்துப் பார்க்கணும்?" என்று கேட்டான். நீங்கள் எழுதியதையே விளக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள் ஒருவர்தான். அதை மனதில் வைத்து ஓட்டுங்கள். இவ்வளவுதான் சொல்வேன்.

இன்னொன்று. நஞ்சன்கூடு தோட்டத்தில் இருக்கிற எங்கள் கருப்பராயன் கோயிலில் ஆவணி மாதம் அக்ஷராவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தலாம் என்று அத்தை சொல்கிறார். தாய்மாமன் மடி வேண்டும். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
மைனா

*

சாமளாபுரம்
9.6.2024

அன்புள்ள மைனா,

நலம். மழை ஒன்று பெய்து இங்கே கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது. உங்கள் பக்கம் எப்படி? அத்தைக்கு முழங்கால் தேவலையா?

லைசென்ஸ் வந்துவிட்டது கண்ணு! கவரைக் கிழிக்கக் கை வரவில்லை. கட்டிங் டேபிளில் இருந்த முனீஸ் கத்தரிக்கோலால் கிழித்துக் கொடுத்தான்.

மறுநாள் காலையே ஆரோக்கியராஜ் இல்லாமல் ஒரு சுற்றுப் போய்வந்தேன். சங்ககிரிக் கோட்டை, மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய பாறைதான், அதில் யாரோ கோடு கிழித்தது போல மதில். மேட்டூர் அணைக்குப் பின்னால் தண்ணீர் மலை இடுக்குகளுக்குள் கைகால் நீட்டிப் படுத்திருக்கிறது. காலை வெயில் அதில் பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே இருக்கும்போது ஓயாமல் அடிக்கிற என் மூன்று போன்களும் பைக்குள் அணைந்து கிடந்தன. ஒன்றே முக்கால் மணி நேரம் என்னை யாரும் கூப்பிடவில்லை.

நீ சொன்னதை மறக்கவில்லை. ஒரு அட்டையில் என் சட்டங்களை எழுதிவைத்திருக்கிறேன். மேகம் இவ்வளவு உயரத்துக்குக் கீழே இறங்கினால் திரும்பிவிடுவேன். இறங்கும்போது டேங்கில் ஒரு மணி நேரத்துப் பெட்ரோல் மிச்சம் இருக்க வேண்டும். ராத்திரி ஆறு மணி நேரம் தூங்காவிட்டால் பறக்க மாட்டேன். இவற்றைத் தரையில் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். மேலே போன பிறகு மனசு பேரம் பேசும்.

ஆரோக்கியராஜ் சொல்வார்: "சின்ன பிளேன் அவசரக்காரனுக்கு உள்ளதில்ல சார். நாள் கெடக்குன்னு நெனைக்கவனுக்கு உள்ளது." எவ்வளவு நல்ல பேச்சு, பார்.

அண்ணன் மகுடேஸ்வரன்

*

மைசூர்
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வாழ்த்துகள். உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "மேல போயும் மேட்டூருத் தண்ணியத்தான் பாத்தானா? நம்ம காவேரியாச்சே, பாக்கட்டும்" என்றார். அவருக்கும் பெருமைதான்.

தேதி வைத்தாகிவிட்டது. ஆவணி 21, வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 6. காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். சொந்தம் இருநூறு பேர் வருகிறார்கள். நீங்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். அக்ஷரா இப்போதே சோபாவில் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "மாமா மடி இப்புடித்தானே இருக்கும்?" என்று ஒத்திகை பார்க்கிறாள்.

மைனா

*

சாமளாபுரம்
18.8.2024

அன்புள்ள மைனா,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

திட்டாதே. 5ஆம் தேதி இரவு கன்டெய்னர் கிளம்புகிறது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் கொடுத்த கடைசி நாள் அது. நான் நின்று ஏற்றிவிட்டுத்தான் வர முடியும். இரவில் திம்பம் மலைப்பாதையை வனத்துறை அடைத்துவிடுவார்கள். விடிந்து திறந்த பிறகு காரில் கிளம்பினால் முகூர்த்தத்துக்கு வந்து சேர முடியாது. அதனால் விமானத்திலேயே வந்துவிடுகிறேன். சேலத்தில் ஏழு மணிக்கு எழும்பினால் எட்டேகாலுக்கு மைசூர். மாப்பிள்ளை வண்டியோடு நின்றால் ஒன்பதுக்குள் தோட்டம்.

சீர்த்தட்டு, தோடு, பட்டுப்பாவாடை எல்லாம் சண்முகவேல் முதல் நாளே காரில் கொண்டுவந்துவிடுவான். நான் வானத்திலிருந்து வந்து இறங்கி நேரே மடியைக் கொடுக்கிறேன். நஞ்சன்கூடே நின்று பார்க்கட்டும்!

அண்ணன்

*

சாமளாபுரம்
8.9.2024

அன்புள்ள மைனா,

நலமா? குழந்தை நலமா?

போனில் சொன்னதுதான். வழியில் மேகம். வர முடியவில்லை. மன்னித்துக்கொள் கண்ணு.

அண்ணன்

*

மைசூர்
15.9.2024

அண்ணனுக்கு,

அனைவரும் நலம்.

காது குத்து நல்லபடியாக முடிந்தது. சண்முகவேல் அண்ணன் மடி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் கோயில் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வெயில் சுளீரென்று அடித்தது. நீங்கள் போனில் மேகம் என்று சொன்னதை நான் எல்லோரிடமும் சொன்னேன். இருநூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "கன்டெய்னர் கெளம்பலையாட்ட இருக்குது" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மைனாவதி

*

சாமளாபுரம்
27.10.2024

அன்புள்ள மைனா,

தீபாவளி வாழ்த்துகள். மாப்பிள்ளைக்கும் அத்தைக்கும் சொல். அக்ஷராவுக்கு இரண்டு கவுன் அனுப்பியிருக்கிறேன். நம் கம்பெனியில் தைத்ததுதான். அளவு சரியாக இருக்கிறதா என்று ஒரு வரி எழுது.

உன் உடம்பு எப்படி?

அண்ணன்

*

மைசூர்
12.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். கவுன் சரியாக இருந்தது. ஒரு வரி எழுத எனக்கு ஒன்றரை மாதம் பிடித்திருக்கிறது.

போன வாரம் ஒரு சான்றிதழ் வாங்குவதற்காகக் கோவை பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். சோமனூர் வழியாகத்தான் பஸ் வந்தது. சாமளாபுரத்துக்குப் பிரிகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை. அவ்வளவு கோபம் எனக்குள் இருந்தது.

திரும்பி வரும்போது பண்ணாரியில் நல்ல வெயில். பஸ் மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. எதிரே வருகிற லாரியின் விளக்கு பத்தடிக்குள் வந்த பிறகுதான் தெரிகிறது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "லெப்ட்ல போ, லெப்ட்ல போ" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. திம்பத்தைத் தாண்டி ஆசனூர் போனதும் மறுபடியும் வெயில். துணி காயப்போடலாம், அப்படி ஒரு வெயில்.

பக்கத்தில் இருந்த அம்மாவிடம், எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். "மலைக்கு ரெண்டு பக்கமும் வெயிலடிக்கும், மலைமேல மட்டும் மூடிக்கும். நீங்க புதுசுங்களா?" என்றார்.

எத்தனை வருஷமாக இந்த வழியில் வந்துபோகிறேன்! மேகம் என்றால் என் தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்றே நினைத்திருக்கிறேன். நடுவில் ஒரு மலை இருக்கிறதே என்று எனக்கு உறைக்கவே இல்லை. பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன் அண்ணா.

நாங்கள் ரோட்டில் போனோம், காலுக்குக் கீழே தரை இருந்தது. நீங்கள் எதில் போனீர்கள்? அன்று என்ன நடந்தது? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

மைனா

*

சாமளாபுரம்
20.12.2024

அன்புள்ள மைனா,

நான் நலம். உன் கடிதத்தைக் கம்பெனியில் வைத்துப் படிக்க முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் படித்தேன்.

ஒன்று விடாமல் எழுதுகிறேன். கன்டெய்னர் கிளம்பும்போது ஒரு மணி. சேலம் போகும் வழியில் டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினேன். என் அட்டையில் ஒரு சட்டம் அங்கேயே உடைந்தது. காலையில் சேலத்தில் வானம் தெளிவு. மைசூருக்குக் கேட்டேன், அங்கேயும் தெளிவு. நடுவில் இருக்கிற மலைக்கு வானிலை சொல்ல ஆளில்லை. ஆரோக்கியராஜ், "பத்து மணி வரைக்கும் பாத்துட்டுப் போலாமே சார்" என்றார். பத்து மணி எனக்கு எதற்கு? முகூர்த்தம் முடிந்துவிடுமே.

நம் ஊர்ப் புத்தி என்னவென்று உனக்கே தெரியும். கப்பலைத் தவறவிட்ட சரக்கை ஏர்ல, விமானத்தில் ஏற்றி, அனுப்புவோம். பத்தொன்பது வருஷமாக எனக்கு ஏர் என்றால் தாமதத்துக்கு மருந்து. என்னையும் ஒரு லேட்டான பார்சலாக நினைத்துக் கிளப்பிவிட்டேன்.

மேட்டூர் தாண்டியதும் மலைமேல் மேகம் படுத்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் அக்ஷரா உட்கார்ந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். திரும்ப வேண்டிய உயரத்தைக் கடந்து கீழே இறங்கினேன். மரங்களின் உச்சி தெரிந்தது. அப்புறம் இடைவெளி மூடிக்கொண்டது. எல்லாம் வெள்ளை.

விமானம் நேராகப் போகிறது என்று என் உடம்பு சொன்னது. கருவியைப் பார்த்தால் இடது பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. உடம்பு சொல்வதை நம்பியவர்கள்தான் மலையில் மோதுகிறார்கள் என்று ஆரோக்கியராஜ் நூறு தடவை சொல்லியிருக்கிறார். கண்ணைக் கருவியில் வைத்து, மெதுவாக வந்த திசைக்கே திருப்பினேன். அந்தத் திருப்பத்துக்குச் சரியாக ஒரு நிமிடம். அறுபது எண்ண வேண்டும். நான் சத்தம்போட்டு எண்ணினேன். முப்பதில் உன் பெயரைச் சொல்லிவிட்டு முப்பத்தொன்று என்றேன். ஐம்பத்து நாலில் வெள்ளை கிழிந்து மேட்டூர்த் தண்ணீர் தெரிந்தது.

சேலத்தில் இறங்கி உனக்குப் போன் செய்தேன். பிறகு காரை எடுத்தேன். பண்ணாரி வரை வந்துவிட்டேன் கண்ணு. அங்கிருந்து மறுபடியும் கூப்பிட்டபோது, நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்வதற்குள், "இனி வந்து என்ன, வர வேண்டாம்" என்று சொல்லி நீ வைத்துவிட்டாய். அங்கே அம்மன் கோயில் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்றால், அன்று காலை ஆறரைக்கு நீ கூப்பிட்டு, "எப்படியாவது வந்துருங்க அண்ணா" என்றாய். நடந்ததை எழுதினால் பழியை உன்மேல் போட்டதாகிவிடும். தப்பு என்னுடையது. ஒரு நாள் முன்னால் கிளம்பியிருக்க வேண்டும். கன்டெய்னரை முனீஸ் ஏற்றியிருப்பான்.

ஆரோக்கியராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "திரும்புனீங்கள்லா சார், அது பெருசு. ஆனா கெளம்புனது தப்பு. ரெண்டையும் எழுதி வைங்க" என்றார். இரண்டு மாதம் விமானத்தைத் தொடவில்லை. இப்போது அவரோடு மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

அக்ஷராவின் காதில் தோடு எப்படி இருக்கிறது? போட்டோ கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

அண்ணன்

*

மைசூர்
29.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் உயிரோடு சுகமாக இருப்பதை நினைத்து நினைத்து இந்த வாரம் முழுவதும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எப்படியாவது வந்துருங்க என்று சொன்னது நான்தான். அதை நீங்கள் மூன்று மாதம் வாய் திறக்காமல் சுமந்திருக்கிறீர்கள். இனி என் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது.

இருநூறு பேர் காத்திருக்கிறார்கள், எதிரே வெளிச்சம் தெரிகிறது, அப்போது திரும்புவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! முன்னால் போகிறவரைத்தான் வீரன் என்று பிள்ளைகளுக்கு இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் கடிதத்தை என் வகுப்பில் வாசித்தேன். அறுபது எண்ணுகிற இடத்தில் பிள்ளைகளும் கூடவே எண்ணினார்கள். எழுதியவர் என் அண்ணன் என்று சொல்லித்தான் முடித்தேன்.

நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். போட்டோ அனுப்ப முடியாது. அக்ஷராவுக்குக் காது குத்தவில்லை.

மொட்டை மட்டும்தான் போட்டோம். சண்முகவேல் அண்ணன் பலகையில் உட்கார்ந்து மடியை விரித்தார். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். என்னால் முடியவில்லை அண்ணா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். "ஏம்மிணி, யாரு மடியா இருந்தா என்ன?" என்று அத்தை சத்தம் போட்டார். எனக்கு உங்கள் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு பிடிவாதம். அந்த இடத்தில் வேறு யாரையும் வைத்துப் பார்க்க முடியவில்லை. உங்களிடம் சொல்லக் கூடாது என்று சண்முகவேல் அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். முடிந்துவிட்டது என்று உங்களுக்கு எழுதியது, உங்களுக்கு வலிக்கட்டும் என்றுதான்.

அத்தை இருபது நாள் என்னோடு பேசவில்லை. நேற்று உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டார். பிறகு, "உசுரு பெருசுன்னு திரும்புனவன் மடியிலதான் எம்பேத்திக்குக் காது குத்தோணும். அவனுக்கு எழுது" என்றார். ஜோசியரிடம் நாள் கேட்கவா என்றேன். "நாள் வெச்சதுதானே அவனைய மலைக்குள்ள தள்ளுச்சு. நாளே வேண்டாம்" என்றார்.

அதனால் தேதி வைக்கவில்லை. ஆசாரி நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். பஸ்ஸிலோ காரிலோ விமானத்திலோ, உங்களுக்கு எது தோதோ அதில் வாருங்கள். வந்து சேருகிற நாள்தான் முகூர்த்தம். வழியில் மலை மூடியிருந்தால் திரும்பிப் போய்விடுங்கள். மறுநாளும் மூடியிருந்தால் மறுநாளும் திரும்புங்கள். அவள் காது எங்கேயும் ஓடிவிடாது.

உங்கள் தங்கை,
மைனா